கீழே நிற்பவரின் வானம்



வானூர்திச் சட்டமும் ட்ரோன் விதிகளும் என் தொழில். இந்தத் துறையைப் பற்றிய பேச்சு எப்போதும் மேலே பறப்பதைச் சுற்றியே நடக்கும். எது பறக்கலாம், எவ்வளவு உயரத்தில் பறக்கலாம், யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பவையே கேள்விகளாக இருக்கும். நான் இன்று கீழே இருப்பவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வயலில் நிற்பவர், மொட்டை மாடியில் துணி காயப் போடுபவர், கும்பாபிஷேகக் கூட்டத்தில் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பவர் எல்லாரும் அதில் அடக்கம். அவர்கள் தலைக்கு மேலே 120 மீட்டருக்குள் இன்று ஒரு புதிய தொழில் நடக்கிறது. பறக்க விடுபவருக்கும் அரசுக்கும் இடையில் உள்ள உறவை நம் சட்டம் பெரும்பாலும் ஒழுங்கு செய்துவிட்டது. பறக்க விடுபவருக்கும் கீழே நிற்பவருக்கும் இடையில் உள்ள உறவை இன்னும் ஒழுங்காக எழுதவில்லை. இந்த மேடையில் நான் வைக்க வந்த வாதம் இதுதான்.

நிலம் யாருடையதோ, அதற்கு மேலே வானம் வரையிலும் கீழே பாதாளம் வரையிலும் அவருடையதே என்று ஐரோப்பியச் சட்ட மரபில் ஒரு கொள்கை நெடுங்காலம் இருந்தது. மனிதன் பறக்காத வரை அதனால் யாருக்கும் தொல்லை இல்லை. பறக்கத் தொடங்கியதும் அந்தக் கொள்கையைக் கைவிட வேண்டியதாயிற்று. 1919ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையும், 1944 டிசம்பர் 7 அன்று கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கையும், ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்தின் மேலுள்ள வான்வெளியில் முழு இறையாண்மை உண்டு என்று சொல்லிவிட்டன. விமானி இல்லாத வானூர்தி, ஒரு நாட்டின் சிறப்பு அனுமதி இல்லாமல் அதன் மேல் பறக்கக் கூடாது என்று சிகாகோ உடன்படிக்கையின் 8ஆவது பிரிவு அன்றைக்கே சொன்னது. அதை எழுதியவர்களின் தொலைநோக்கை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே பேசிக்கொண்டவை நாடுகள். நிலத்துக்காரர் அந்தக் கூட்டத்தில் இல்லை.

நம் நாட்டில் 1934ஆம் ஆண்டு வானூர்திச் சட்டத்தின் 17ஆவது பிரிவு இந்த விஷயத்தை இன்னும் வெளிப்படையாகவே சொன்னது. காற்று, வானிலை, சூழ்நிலை ஆகியவற்றைப் பார்த்தால் நியாயமான உயரம் என்று சொல்லத்தக்க உயரத்தில் ஒரு வானூர்தி உங்கள் சொத்தின் மேல் பறந்தது என்ற ஒரே காரணத்துக்காக, அத்துமீறல் என்றோ தொல்லை என்றோ நீங்கள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது என்றது அது. பயணிகள் விமானங்களுக்கு அது சரியான சட்டம். அப்படி ஒரு பிரிவு இல்லாவிட்டால் மீனம்பாக்கத்தில் ஒரு விமானமும் இறங்கியிருக்க முடியாது. ஆனால் ‘நியாயமான உயரம்’ என்றால் என்ன? 30,000 அடிக்கு அந்தக் கேள்வி எழாது. 30 அடிக்கு எழும்.

அமெரிக்காவில் அது எழுந்தது. வட கரோலினா மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ அருகே காஸ்பி என்ற குடும்பம் கோழிப் பண்ணை வைத்திருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பக்கத்து விமான நிலையத்தை ராணுவ விமானங்கள் பயன்படுத்தத் தொடங்கின. அவை பண்ணையின் மேல் 83 அடி உயரத்தில் கடந்தன. சத்தத்துக்கு மிரண்ட கோழிகள் சுவரில் மோதிச் செத்தன. ஏறத்தாழ 150 கோழிகள் போயின, பண்ணைத் தொழிலே நின்றுவிட்டது. 1946இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வானம் வரை நிலத்துக்காரருக்குச் சொந்தம் என்ற பழைய கொள்கைக்கு இன்றைய உலகில் இடமில்லை என்று சொன்னது. ஆனால் அதோடு நிறுத்தவில்லை. நிலத்தை அனுபவிக்கத் தேவையான அளவு மேல்வெளி நிலத்துக்காரருக்கு உண்டு என்றும், அரசு அதை எடுத்துக்கொண்டால் இழப்பீடு தர வேண்டும் என்றும் சொன்னது. ட்ரோன் என்ற பொருளே கடைக்கு வராத காலத்துத் தீர்ப்பு அது. என் பார்வையில் ட்ரோன் சட்டத்தின் முதல் பாடம் அந்தத் தீர்ப்புதான்.

வானூர்தி வழக்கறிஞரின் அன்றாட வேலை என்ன என்று மாணவர்கள் கேட்பார்கள். குத்தகைக்கு விட்ட விமானத்தை நிறுவனம் நொடித்த பிறகு மீட்பது, விமான நிலையத்தைச் சுற்றிக் கட்டப்படும் கட்டடத்துக்கு உயரச் சான்று வாங்குவது, டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் உத்தரவுகளுக்கு மேல்முறையீடு செய்வது, விபத்து இழப்பீடு என்று வேலை பல வகை. இதில் விபத்து இழப்பீட்டை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க விரும்புகிறேன், ஏனென்றால் மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் பளிச்சென்று தெரிகிறது.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம் ஒரு மருத்துவக் கல்லூரி விடுதியின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்தவர்களில் 241 பேரும் தரையில் இருந்தவர்களில் 19 பேரும் இறந்தார்கள். விமானத்தில் இருந்த பயணிக்கு 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கை இருக்கிறது. அதன்படி 1,51,880 எஸ்.டி.ஆர். என்ற அளவு வரை, தன் மீது தவறில்லை என்று விமான நிறுவனம் வாதாடித் தப்ப முடியாது. எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. அதற்கு மேலும் குடும்பத்தார் கேட்கலாம். ஆனால் விடுதியில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த மாணவருக்கு அந்த உடன்படிக்கையில் ஒரு வரியும் இல்லை. தரையில் இருப்பவர்களுக்காக 1952இல் ரோம் நகரில் ஒரு உடன்படிக்கை செய்தார்கள். உலகின் பெரிய விமானப் போக்குவரத்து நாடுகள் பலவும் அதில் சேரவே இல்லை. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 1 கோடி ரூபாய் தருவதாக டாடா குழுமம் அறிவித்தது. அது நல்ல மனது. உரிமை என்பது அதிலிருந்து வேறு. ஒரே தீயில், ஒரே நிமிடத்தில் இறந்த இருவரில் ஒருவர் டிக்கெட் வாங்கியிருந்தார் என்பதால் சட்டம் அவருக்குத் தெளிவான வழியைக் காட்டுகிறது. மற்றவரின் பெற்றோர் பொதுவான இழப்பீட்டுச் சட்டத்தில் வழி தேட வேண்டியிருக்கிறது. இதை நான் ஏற்க மறுக்கிறேன். பெரிய விமானங்களின் சட்டத்தில் உள்ள இதே ஓட்டை சிறிய ட்ரோன்களின் சட்டத்திலும் இறங்கி வந்திருக்கிறது.

ட்ரோன் விதிகள் இந்தியாவில் வந்த பாதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2014இல் மும்பையில் ஒரு உணவகம் பீட்சாவை ட்ரோனில் அனுப்பிப் பார்த்தது. அதே ஆண்டு அக்டோபரில் டி.ஜி.சி.ஏ. பொது அறிவிப்பு வெளியிட்டு, பொதுமக்கள் ட்ரோன் பறக்க விடுவதை அடியோடு தடுத்தது. 2018 டிசம்பரில் விதிமுறைகள் நடைமுறைக்கு வந்தன. 2021 மார்ச்சில் வந்த விதிகள் தொழில் செய்பவர்களைத் திணறடித்தன. அதே ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று இன்றுள்ள ட்ரோன் விதிகள், 2021 வெளியாகி முந்தியதை நீக்கின. 25 படிவங்கள் 5 ஆயின, 72 வகைக் கட்டணங்கள் 4 ஆயின. விமான நிலையத்திலிருந்து 45 கிலோமீட்டர் வரை இருந்த, அனுமதி வாங்கிப் பறக்க வேண்டிய மஞ்சள் மண்டலம் 12 கிலோமீட்டராகச் சுருங்கியது. பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை முன்அனுமதி இல்லாமல் பறக்கலாம் என்றானது. இந்தத் தளர்வு வந்த காலத்தையும் நினைவில் வைக்க வேண்டும். அந்த ஆண்டு ஜூன் 27 அன்றுதான் ஜம்மு விமானப்படைத் தளத்தின் மேல் ட்ரோன்கள் வெடிகுண்டு போட்டிருந்தன. பயந்து எல்லாவற்றையும் மூடிவிடாமல், இரண்டே மாதத்தில் விதியைத் திறந்து விட்டதற்குத் துணிவு வேண்டும். அந்த முடிவு சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்த ஒரு சின்னத் திருத்தம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ரிமோட் பைலட் சான்றிதழ் வாங்க முதலில் பாஸ்போர்ட் கேட்டார்கள். பத்தாம் வகுப்பு முடித்து, சுய உதவிக் குழுவில் இருந்துகொண்டு, ட்ரோன் ஓட்டக் கற்றுக்கொள்ள நினைக்கும் ஒரு கிராமத்துப் பெண்ணிடம் பாஸ்போர்ட் எதற்கு இருக்கப் போகிறது? 2023 செப்டம்பரில் வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, ஓட்டுநர் உரிமம் போதும் என்று மாற்றினார்கள். அதே ஆண்டு நவம்பரில் 1,261 கோடி ரூபாயில் 15,000 பெண்கள் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் கொடுக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. விதியில் ஒரு வரி மாறினால் யார் உள்ளே வருகிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்பதே மாறிவிடும். சட்டம் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி, நான் நடத்திய ஒரு விவகாரத்தைச் சொல்கிறேன். கட்சிக்காரர்களின் அடையாளம் வேண்டாம்.

உடுமலைப்பேட்டைப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் ஒரு விவசாயி. பக்கத்துத் தோட்டத்தில் மக்காச்சோளம். படைப்புழு வந்த பிறகு மக்காச்சோளத்துக்கு மருந்து அடிக்காமல் முடிவதில்லை. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த பயிருக்குள் முதுகில் டேங்க்கோடு நுழைவது மூச்சு முட்டும் வேலை, ஆளும் கிடைப்பதில்லை. ட்ரோன் என்றால் ஒரு ஏக்கர் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதனால் அந்த வேலைக்கு ட்ரோன் வந்ததை நான் குறை சொல்ல மாட்டேன், மருந்தை முகத்தில் வாங்கிக்கொண்டிருந்த கூலியாளுக்கு அது விடுதலை. ஆனால் படைப்புழு ஒரு புழு, பட்டுப்புழுவும் புழு. ஒன்றைக் கொல்லும் மருந்துக்கு மற்றதைத் தெரியாது. காலையில் ட்ரோன் அடித்துவிட்டுப் போனது. மறுநாள் அந்த வேலியோர மல்பெரி இலையை வெட்டிப் புழுக்களுக்குப் போட்டார்கள். நாலாவது தோலுரிப்பு முடிந்து, கூடு கட்ட இன்னும் சில நாளே இருந்த புழுக்கள் தலையை ஆட்டிக்கொண்டு, பச்சை நீர் கக்கிச் சுருண்டன. பேட்ச் முழுவதும் போயிற்று.

“வக்கீலம்மா, பறந்ததை நான் பார்த்தேன், ஊரே பார்த்துச்சு. ஆனா காத்துல வந்த மருந்துக்கு நான் எதைச் சாட்சியா நிறுத்துவேன்?” என்று அவர் கேட்டார்.

சரியான கேள்வி அது. வழக்கறிஞரின் வேலை அங்கேதான் தொடங்குகிறது. முதல் காரியமாக இலை. வேலியோரத்திலும் நடுத்தோட்டத்திலும் தனித்தனியாகப் பறித்து, உறையில் இட்டு, பட்டு வளர்ச்சித் துறை அலுவலர் முன்னிலையில் ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, கோயம்புத்தூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சிக்கொல்லி எச்ச ஆய்வகத்துக்கு அனுப்பினோம். இரண்டாவது, ட்ரோன் இயக்கிய பையனுக்கு ஒரு அறிவிப்பு. இழப்பீடு கேட்டு அல்ல, பறப்புப் பதிவை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லி. மருந்து தெளிக்கும் ட்ரோனின் கட்டுப்பாட்டுக் கருவியில் எந்த நேரத்தில், எந்தப் பாதையில், எவ்வளவு உயரத்தில், நிமிடத்துக்கு எவ்வளவு மருந்து போனது என்பதெல்லாம் பதிவாகும். அந்தத் திரையைப் பையனே என் மேசையில் வைத்துத் திறந்து காட்டினான். பச்சைக் கோடுகள் வரிசையாக, வயலை உழுத சால் போல ஓடின. ஒவ்வொரு திருப்பத்திலும் கோடு எல்லையைத் தாண்டி இரண்டு மூன்று மீட்டர் வெளியே போய் மடங்கியது. திரும்பும்போது பம்ப் நிற்கவில்லை. அந்த வட்டாரத் தானியங்கி வானிலை நிலையத்தில் அந்த நேரத்துக் காற்றின் திசையை எடுத்தோம். காற்று மக்காச்சோளத்திலிருந்து மல்பெரிப் பக்கம் வீசியிருந்தது. இந்த மின்னணுப் பதிவுகள் நீதிமன்றத்தில் நிற்க வேண்டுமானால் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதை முன்கூட்டியே தயார் செய்துகொண்டோம். வழக்குப் பதிவான பிறகு ஓடினால் கருவியும் இருக்காது, பதிவும் இருக்காது.

இனிச் சட்டம். 2021 ட்ரோன் விதிகளைப் புரட்டினால், அந்தப் பையன் எந்த மண்டலத்தில் பறக்கலாம், ட்ரோனுக்குப் பதிவு எண் உண்டா, அவனுக்குச் சான்றிதழ் உண்டா என்பவைதான் கிடைக்கும். எல்லாம் அவனிடம் இருந்தன. பக்கத்துத் தோட்டக்காரருக்குச் சொல்லிவிட்டு அடிக்க வேண்டுமா என்பது அங்கே இல்லை. அது வேறோர் இடத்தில் இருந்தது. 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின் 43ஆவது விதி, வானிலிருந்து மருந்து தெளிப்பதைப் பற்றியது. தெளிக்கும் இடத்துக்கு எல்லை குறிப்பது தெளிப்பவர் பொறுப்பு என்கிறது. தெளிப்பதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமல் முன்னதாகப் பொதுமக்களுக்கு அறிவிக்கச் சொல்கிறது. சம்பந்தமில்லாத மனிதர்களையும் கால்நடைகளையும் அந்த இடத்தில் விடாமல் தடுக்கச் சொல்கிறது. சின்ன ஹெலிகாப்டரிலும் விமானத்திலும் மருந்து தெளித்த காலத்தில் எழுதிய விதி. ஐம்பது ஆண்டு கழித்து வந்த ட்ரோன் விதிகளைவிட, கீழே இருப்பவரைப் பற்றி அது அதிகம் யோசித்திருக்கிறது. 2021 டிசம்பரில் வேளாண் அமைச்சகம் ட்ரோனில் மருந்து தெளிப்பதற்கு வழிகாட்டு நடைமுறை வெளியிட்டது. 2022 ஏப்ரலில் 477 மருந்துகளை ட்ரோனில் தெளிக்க இடைக்கால அனுமதியும் கிடைத்தது. ஆனால் அந்தப் பையன் படித்த பயிற்சிப் பள்ளியில் 1971ஆம் ஆண்டு விதியைப் பற்றி யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. கடன் வாங்கி ட்ரோன் வாங்கியவன், ஏக்கருக்கு இவ்வளவு என்று உழைப்பவன். அவனைக் குற்றவாளியாக நிறுத்துவதில் எனக்கு விருப்பமே இல்லை.

மூன்று தரப்பையும் மக்கள் நீதிமன்றத்தில் உட்கார வைத்தோம். முதல் நாள் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மக்காச்சோளக்காரர், “நான் காசு கொடுத்துக் கூப்பிட்டேன், அவ்வளவுதான்” என்றார். எச்ச ஆய்வறிக்கையும் பச்சைக் கோடுகளும் மேசைக்கு வந்ததும் பேச்சு மாறியது. மக்காச்சோளக்காரரும் ட்ரோன்காரரும் தொகையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். காப்பீட்டு நிறுவனம் ஒரு ரூபாயும் தரவில்லை. ரசாயனத்தால் ஏற்படும் சேதத்துக்குப் பாலிசியில் இடமில்லை என்றார்கள். மருந்து தெளிக்கவே வாங்கப்பட்ட ட்ரோனுக்கு அப்படி ஒரு பாலிசியை விற்றிருக்கிறார்கள். அதைத் தடுக்க விதியில் எதுவும் இல்லை.

காப்பீடு என்றதும் ட்ரோன் விதிகளின் 44ஆவது விதிக்கு வர வேண்டும். மிகச் சிறிய நானோ வகை தவிர மற்ற ட்ரோன்களுக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம். அந்தக் காப்பீட்டுக்கும், உயிருக்கோ சொத்துக்கோ சேதம் வந்தால் தர வேண்டிய இழப்பீட்டுக்கும், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தேவையான மாற்றங்களோடு பொருந்தும் என்று அந்த விதி சொல்கிறது. நோக்கம் நல்லது. மோட்டார் வாகனச் சட்டம் ஏழைகளுக்கு நெருக்கமான சட்டம். தாலுகா வக்கீல் குமாஸ்தாவுக்குக்கூட எம்.சி.ஓ.பி. எனப்படும் வாகன விபத்து இழப்பீட்டு மனுவை எப்படி எழுதுவது என்று தெரியும். தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் கேட்க 164ஆவது பிரிவு வழி விடுகிறது. ஆனால் மனுவை எங்கே போடுவது? மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம், சாலையில் ஓடத்தக்க வாகனத்தால் நேரும் விபத்துக்காக அமைக்கப்பட்டது. ஒரு அமைச்சகத்தின் விதி, இன்னொரு சட்டத்தில் பிறந்த தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் கொடுத்துவிட முடியுமா என்று எதிர்த்தரப்பு கேட்டால், ஆரம்பக் கட்டத்திலேயே இரண்டு ஆண்டு போய்விடும். காயம்பட்டவர் அதுவரை மருத்துவமனைச் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

கூட்டத்தின் மேல் பறப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 ஜூலை 7 அன்று திருச்செந்தூர்க் கும்பாபிஷேகத்தில் பக்தர்கள் மேல் ட்ரோன்கள் மூலம் புனித நீர் தெளித்தார்கள். கடற்கரையில் தள்ளி நின்ற முதியவர்களுக்கும் நீர் கிடைத்தது என்பது மகிழ்ச்சி. ஆனால் 10 லிட்டர் டேங்க் கொண்ட ட்ரோன் 20 கிலோவுக்கு மேல் எடை வரும். லட்சக்கணக்கானவர்கள் தோளோடு தோள் உரசி நிற்கும் இடத்தில் ஒரு மோட்டார் நின்றால் விலகி ஓட இடம் கிடையாது. ஊர்க் கோயில்களும் இப்போது இதைச் செய்யத் தொடங்கிவிட்டன. பெரிய கோயிலில் அதிகாரிகள் திட்டமிடுவார்கள். சின்ன ஊரில், கல்யாணத்துக்கு ஹெலிகேம் விடும் தம்பியைக் கூப்பிட்டுச் சொம்பைக் கட்டித் தொங்கவிடச் சொல்லும் நாள் வந்துவிடக் கூடாது. எந்தப் பாதையில் பறக்கும், அதன் அடியில் எத்தனை பேர் நிற்பார்கள், இறக்க எங்கே வெற்றிடம் என்று எழுதி, கோயில் நிர்வாகமும் காவல் துறையும் கையெழுத்திட்ட பிறகே பறக்க விட வேண்டும் என்று என்னைக் கேட்கும் நிர்வாகிகளிடம் சொல்லிவருகிறேன்.

அந்தத் தம்பிக்காகவும் பேச வேண்டும், அவனும் தரையில் நிற்பவன்தான். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி, குறிப்பிட்ட பகுதியைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக, அதாவது பறக்கத் தடையுள்ள பகுதியாக, அறிவிக்கலாம் என்று ட்ரோன் விதிகள் சொல்கின்றன. அதிகபட்சம் 96 மணி நேரம். நடைமுறையில் என்ன நடக்கிறது? முக்கியப் பிரமுகர் வருகை முடிந்து ஒரு வாரம் ஆன பிறகும், ‘தடை இருக்கு’ என்று சொல்லிக் கல்யாண மண்டப வாசலில் ட்ரோனைப் பிடுங்கிக்கொண்ட வழக்குகள் என்னிடம் வந்திருக்கின்றன. உத்தரவைக் காட்டுங்கள் என்றால் காட்ட இருப்பதில்லை. நீதிமன்றத்தில் மனுப் போட்டுப் பொருளைத் திரும்ப வாங்கும்போது, பூட்டிய அறையில் கிடந்த லித்தியம் பேட்டரி உப்பிப்போயிருக்கும். அது அந்தக் குடும்பத்தின் ஒரு மாத வருமானம். காவலர்களைக் குறை சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஜம்முத் தாக்குதல் நடந்த நாட்டில் வானத்தில் ஒரு புள்ளி தெரிந்தால் அவர்கள் கவலைப்படத்தான் வேண்டும். கவலைக்கு மருந்து தகவல். எந்த ட்ரோன், யாருடையது என்று நிலைய அதிகாரி தன் கைபேசியிலேயே பார்த்துவிட முடிந்தால் பிடுங்க வேண்டிய தேவை பாதிக்கு மேல் குறையும். அனுமதியில்லாமல் மேலெழவே முடியாத அமைப்பு, நேரடிக் கண்காணிப்பு ஆகியவற்றைப் பின்னர் அறிவிப்போம் என்று விதி விட்டுவைத்திருக்கிறது. பறப்பவரைக் கட்டிப்போடும் கருவியாக மட்டும் பார்த்துத் தொழில்துறை அவற்றை எதிர்க்கிறது. தவறு செய்யாதவரைக் காப்பாற்றுவதும் அதே பதிவுதான் என்பதை அவர்கள் யோசிக்க வேண்டும்.

லண்டன் அருகே கேட்விக் விமான நிலையத்தில் 2018 டிசம்பரில் நடந்தது இதற்குச் சான்று. ட்ரோன் தெரிகிறது என்ற தகவலால் ஓடுபாதையை மூடினார்கள். ஏறத்தாழ 1,000 விமானச் சேவைகளும் 1,40,000 பயணிகளும் பாதிக்கப்பட்டார்கள். அக்கம்பக்கத்தில் மாதிரி விமானம் பறக்க விடும் பழக்கமுள்ள ஒரு கணவன் மனைவியைப் போலீஸ் கைது செய்தது. அவர்களின் படம் பத்திரிகைகளில் வந்தது. அவர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று விடுவித்தார்கள். 2020இல் சசெக்ஸ் காவல் துறை அவர்களுக்கு 2 லட்சம் பவுண்டு கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. உண்மையில் பறக்க விட்டவர் யார் என்பது கண்டுபிடிக்கப்படவே இல்லை. யார் என்று தெரியாதபோது, பறப்பதில் ஆசை உள்ள முதல் ஆள் மேல் பழி விழும். எந்த ஊரிலும் அப்படித்தான்.

அந்தரங்கத்தைப் பற்றி ஒரு சில வார்த்தைகள். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. ஒரு பெண் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பும் இடத்தில் இருக்கும்போது அவளைப் படம் பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவின்படி குற்றம். அந்தப் பிரிவு தனி மனிதக் குற்றத்துக்குப் போதும். ஆனால் சுற்றுச்சுவர் எழுப்பிய வீட்டின் கொல்லையை நிலம் அளக்க வந்த ட்ரோனும், கூட்டத்தைக் கண்காணிக்க வந்த காவல் துறை ட்ரோனும் படம் பிடித்துக்கொண்டு போகின்றன. அந்தப் படம் எத்தனை நாள் இருக்கும், யார் பார்ப்பார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு அலுவலரும் கிடையாது. 2020 ஏப்ரலில் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில் நாட்டின் பல மாநிலங்களில் கிராமக் குடியிருப்புகள், நம் பக்கத்தில் நத்தம் என்கிறோமே அந்த மாதிரி இடங்கள், ட்ரோனால் அளக்கப்பட்டன. வீட்டுக்குப் பத்திரமில்லாத ஏழைக்கு அது பெரிய காரியம். அளப்பதற்கு முன் சுண்ணாம்புக் கோடு போட்டு வீட்டுக்காரரையே எல்லை காட்டச் சொன்ன முறை எனக்குப் பிடித்திருந்தது. கீழே இருப்பவர் அங்கே வேலையின் ஒரு பகுதியாக இருந்தார். அதே மரியாதையை மற்றப் பறப்புகளிலும் கேட்கிறேன்.

2025 செப்டம்பரில் சிவில் ட்ரோன்களுக்கென்று தனிச் சட்டத்துக்கான வரைவு பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டது. அது இழப்பீட்டைப் பற்றியும் பேசுகிறது என்பது நல்ல தொடக்கம். அந்த வரைவைப் பற்றி இளம் வழக்கறிஞர்களிடம் நான் வைக்கும் கோரிக்கைகளை இங்கே திறந்து சொல்லிவிடுகிறேன். இழப்பீட்டு மனு எந்த மன்றத்தில் என்பதைச் சட்டத்திலேயே, சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுத வேண்டும். அது மாவட்டத் தலைநகருக்கு அப்பால் போகக் கூடாது. வணிக வேலைக்குப் பறக்கும் ஒவ்வொரு ட்ரோனின் பறப்புப் பதிவையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கும் கடமை இயக்குபவருக்கும் தயாரிப்பாளருக்கும் சேர்த்து இருக்க வேண்டும், அந்தப் பதிவைச் சேதமடைந்தவர் கேட்டால் கொடுக்க வேண்டும். மருந்து தெளிக்கும் ட்ரோனுக்கு விற்கும் பாலிசியில் மருந்தால் வரும் சேதத்தை விலக்கக் கூடாது. பூச்சிக்கொல்லி விதிகளின் 43ஆவது விதியில் உள்ள 24 மணி நேர அறிவிப்பை ட்ரோன் சட்டத்துக்குள் கொண்டுவந்து, ஊராட்சி அறிவிப்புப் பலகையிலும் அந்த ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் போட வழி செய்ய வேண்டும். பட்டுப்புழு வளர்ப்பவரும் தேனீ வளர்ப்பவரும் தங்கள் இடத்தை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளவும், அதைச் சுற்றி இடைவெளி விட்டே தெளிக்கவும் விதி வேண்டும். பயிற்சிப் பள்ளிகளின் பாடத்தில் இவை தமிழில் வர வேண்டும். இவற்றில் ஒன்றுகூட ட்ரோன் தொழிலை முடக்காது. பறக்க விடும் இளைஞருக்கும் கீழே நிற்கும் விவசாயிக்கும் சண்டை வராமல் இருக்க இவை போதும்.

மாணவர்களே, இந்தத் துறைக்கு வர விமானம் பற்றிய அறிவு முதலில் தேவைப்படுவதில்லை. பூச்சிக்கொல்லிச் சட்டம், மோட்டார் வாகனச் சட்டம், சாட்சியச் சட்டம், ஊராட்சிச் சட்டம் இவற்றை ஒரே மேசையில் விரித்துப் படிக்கும் பொறுமை தேவை. நான் குறிப்பிட்ட அந்த வரைவையும் 1971ஆம் ஆண்டு விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்த வாரமே படித்துப் பாருங்கள். உங்கள் ஊரில் மருந்து தெளிக்கும் ட்ரோன் வந்திருந்தால், தெளிப்பவரிடமும் பக்கத்துத் தோட்டக்காரரிடமும் போய்ப் பேசுங்கள். அவர்கள் சொல்வதை எழுதி எனக்கு அனுப்பினால், நாடாளுமன்றக் குழு கருத்துக் கேட்கும் நாளில் உங்கள் பெயரோடு அதை முன்வைப்பேன்.